கணைய அழற்சியும் உடலின் காவலும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

இப்னு சீனா (980–1037) தம் பெருநூலாகிய ‘அல்கானூன் ஃபித் திப்’பின் நான்காம் பகுதியில் ‘புஹ்ரான்’ என்பதைப் பற்றி விரிவாக எழுதுகின்றார். நோய் தன் உச்சத்தை எட்டி, நோயாளியின் நிலை நன்மைக்கோ தீமைக்கோ திரும்பும் வேளைக்கு அரபு மருத்துவர்கள் இட்ட பெயர் அது. அவ்விடத்தில் அவர் கையாளும் உவமையை யூனானி மருத்துவம் பயின்றோர் நன்கறிவர். உடல் ஒரு நகரம். நோய் வெளியிலிருந்து வரும் பகைவன். உடலில் இயல்பாக அமைந்த ஆற்றல் அந்நகரைக் காக்கும் சுல்தான். புஹ்ரான் என்பது இருவரும் பொருதும் நாள். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நாம் இம்மொழியிலேயே பேசி வருகின்றோம். கிருமிகள் ‘படையெடுக்கின்றன’, உடல் ‘எதிர்க்கின்றது’ என்கின்றோம். தமிழில் ‘நோயெதிர்ப்பு’ என்னும் சொல்லிலேயே போர் இருக்கின்றது. இன்றைய அரபியில் இதற்கு வழங்கும் ‘மனாஆ’ என்னும் சொல், தடுத்தலைக் குறிக்கும் ‘மீம், நூன், ஐன்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. அடைக்கப்பட்ட கோட்டையை நினைவூட்டுவது. ஐரோப்பியரின் ‘இம்யூனிட்டி’யோ, ரோமானியச் சட்டத்தில் வரியிலிருந்தும் பொதுக் கடமையிலிருந்தும் பெறும் விலக்கைக் குறித்த சொல். போரோடு தொடர்பற்ற ஒரு சொல் அங்கே வாய்த்தது வியப்பே.

இந்தப் போர் உவமை தடுமாறி நிற்கும் நோய் ஒன்று உண்டு. வெளிப்பகைவன் எவனும் வாராதபோதே அங்கே போர் மூள்கின்றது. காவற்படை தன் நகரையே எரிக்கின்றது. எரித்துக் களைத்த பின்னர், நகருக்குள்ளேயே நெடுங்காலம் அமைதியாகக் குடியிருந்தோர் கொள்ளையராக மாறுகின்றனர். கணையத்தில் திடீரெனத் தோன்றி, கடுமையாக முற்றும் அழற்சியே அந்நோய். நாம் மருத்துவர் அல்லோம். மொழியும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர். எனினும் இந்நோயை மனிதர் புரிந்துகொண்ட வரலாறு, மருந்தைப் பற்றியது போலவே அறிவின் ஒழுக்கத்தைப் பற்றியதுமாகும் என்று நாம் கருதுவதால் இதனை எழுத முற்பட்டோம்.

கணையம் இரைப்பையின் பின்னே, முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடப்பது. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்தாய்ந்த ஹீரோஃபிலஸ் இவ்வுறுப்பைக் கண்டவர்களுள் முற்பட்டவர். ‘முழுதும் தசை’ என்று பொருள்படும் ‘பான்கிரியாஸ்’ என்ற கிரேக்கப் பெயர் பிற்பாடு நிலைத்தது. இன்றைய அரபியின் ‘பன்கிரியாஸ்’ அதன் மாற்றமே. ஜாலீனூஸ் என்று அரபு நூல்கள் அழைக்கும் கேலன், இதனை இரத்தக் குழாய்களுக்கு அடியில் இடப்பட்ட மெத்தை என்று கருதினார். பக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய சகோதரி மகன் ஹுபைஷும் கேலனின் உறுப்புப் பயன் நூலை அரபியாக்கிய பின்னரும், மேற்கில் லத்தீனாக்கப்பட்ட பின்னரும் இக்கருத்து பெரிதும் அசையவில்லை. வலியும் காய்ச்சலும் வாந்தியுமாக மாண்டோர் பலரின் வயிற்றில் நிகழ்ந்தது என்னவென்று யாரும் கேட்கத் தோன்றாமைக்கு இதுவே காரணம். மெத்தைக்கு நோய் வருமா?

1642ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாதுவாவில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்த யோஹான் கியோர்க் விர்சுங் அவ்வுறுப்பின் நடுவே ஓடும் குழாய் ஒன்றைக் கண்டார். அதன் பயன் அவருக்குப் புலப்படவில்லை. படத்தைச் செம்புத் தகட்டில் பொறித்து, பிற நகரங்களின் அறிஞர்களுக்கு அனுப்பி, இது தமனியா சிரையா என்று வினவினார். மறுவிடை கிடைத்துத் தெளிவதற்குள் 1643 ஆகஸ்டில் ஓரிரவில் கொலையுண்டார். 1664இல் ரெய்னியர் டி கிராஃப் நாயின் கணையக் குழாயிலிருந்து நீரைச் சேகரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிசில் கிளாட் பெர்னார்டு, அந்நீர் கொழுப்பையும் மாவுப்பொருளையும் செரிக்கச் செய்வதை நிறுவினார். நாயின் கணையக் குழாயில் பித்தநீரையும் எண்ணெயையும் செலுத்திச் செயற்கையாக அழற்சியை உண்டாக்கிக் காட்டியவரும் அவரே. 1876இல் வில்ஹெல்ம் கியூனே, புரதத்தைச் சிதைக்கும் நொதிக்கு ‘டிரிப்சின்’ என்று பெயரிட்டார். இறைச்சியைச் செரிக்கும் பொருளை, தானே இறைச்சியாகிய உறுப்பு சுரக்கின்றது. அப்படியாயின் அது தன்னைத்தானே தின்னாதிருப்பது எவ்வாறு? 1896இல் பிராகாவில் ஹான்ஸ் கியாரி இவ்வினாவைத் திருப்பிப் போட்டார். அது சிலவேளை தன்னைத்தானே தின்னவும் செய்கின்றது. இந்நோய் அதுவே என்றார். நொதிகள் செயலற்ற வடிவில் சுரந்து, குடலை அடைந்த பின்னரே விழித்தெழுவது வழக்கம். அவை கணையத்தின் அணுக்களுக்குள்ளேயே விழித்துவிட்டால் உறுப்பு வெந்துபோகின்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1889இல், பாஸ்டன் நகர மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்நோய்க்கு ஒரு வடிவம் கொடுத்திருந்தார். குடல்வால் அழற்சியை மூன்றாண்டு முன்பு தெளிவாக்கிய அதே ஃபிட்ஸ் இவர். பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி, கணைய அழற்சியைக் குருதி கசிவது, சீழ் பிடிப்பது, அழுகுவது என மூவகையாக்கினார். முதல் வகையினர் சில நாள்களில் மாண்டனர். ஏனையோர் வாரங்கள் கழித்து மாண்டனர். ஃபிட்ஸ் இவற்றை வேறு வேறு வகைகளாகவே எண்ணினார். ஒரே நோயின் இரு பருவங்கள் இவற்றில் மறைந்திருக்கலாம் என்பது தெளிவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அவர் கூறிய எச்சரிக்கை ஒன்று உண்டு: நோயின் தொடக்கத்திலேயே அறுவை செய்வது பேராபத்து என்பது. அதனையும் பின்வந்தோர் பலமுறை மறந்து பலமுறை கற்றனர்.

நோய்க்குக் காரணம் எது? 1901இல் பால்டிமோரில் யூஜின் ஓப்பி, பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் கூடும் வாயிலில் சிறு கல் ஒன்று சிக்கியிருக்கக் கண்டு, பித்தப்பைக் கற்கள் இந்நோயை மூட்டுவதை எடுத்துக்காட்டினார். கல்லும் மதுவுமே இன்றும் முதன்மைக் காரணங்கள். இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கணைய நோய் என்றவுடன் நோயாளியை ஒரு மாதிரியாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மதுவை நுகர்ந்தும் அறியாத முதியவளுக்கும், பிள்ளை பெற்ற இளம்பெண்ணுக்கும் பித்தக்கல்லால் இது வருகின்றது. நோயை வைத்து ஒழுக்கத்தைத் தீர்மானிப்பது மருத்துவமும் அன்று, மார்க்கமும் அன்று.

இனி உடலின் காவலைக் கண்டறிந்த கதைக்கு வருவோம். 1882இன் இறுதியில் சிசிலித் தீவின் மெசினா நகரில், ருஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் கண்ணாடி போன்ற விண்மீன் புழுவின் உடலில் முள்ளொன்றைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடல் தன்னுள் புகும் அந்நியத்தை விழுங்கும் அணுக்களைக் கொண்டிருக்கின்றது என்று அவர் வகுத்தார். 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். அவரிடம் வேறொரு கொள்கையும் இருந்தது. பெருங்குடலின் கெட்ட கிருமிகளே முதுமையை விரைவிக்கின்றன; தயிரில் உள்ள நல்ல கிருமிகளை உட்கொண்டால் அவை கெட்டவற்றை அடக்கும் என்பது அது. நாம் இவ்வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம்: கணைய அழற்சியின் மேடையில் மெச்னிகோவின் இவ்விரு கொள்கைகளும் நூறாண்டு கழித்து எதிரெதிரே வந்து நின்றன.

முதற்கொள்கையை எடுத்துக்கொள்வோம். மெச்னிகோவ் செருகிய முள்ளில் நஞ்சில்லை. ஆயினும் அணுக்கள் திரண்டன. கணைய அழற்சியிலும் அவ்வாறே. கணைய அணுக்கள் வெடித்துச் சிதறுகையில் அவற்றின் உள்ளிருந்த மரபுப்பொருளும் புரதங்களும் வெளியே கொட்டுகின்றன. இவை உயிரணுவுக்குள் அடங்கியிருக்கும் வரை எவரையும் அச்சுறுத்துவதில்லை. வெளியே வந்ததும் அபாய ஒலியாகின்றன. கிருமியின் துணுக்கைக் கண்டு விழித்தெழும் அதே ஏற்பிகள் இவற்றைக் கண்டும் விழிக்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வந்து, சைட்டோகைன் எனப்படும் செய்திப் பொருள்களைப் பெருக்குகின்றன; அச்செய்தி மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றது. கணையத்தில் பற்றியது நுரையீரலில் நீர் கோத்து மூச்சடைக்கின்றது, சிறுநீரகம் ஓய்கின்றது, இரத்த அழுத்தம் வீழ்கின்றது. இத்தனைக்கும் இரத்தத்தைச் சோதித்தால் கிருமி இல்லை. கிருமித் தொற்றால் மட்டுமே வருவதாக எண்ணியிருந்த நிலை, கிருமியின்றியும் வருகின்றது என்பதைக் கண்ட மருத்துவர்கள், 1991இல் அமெரிக்காவில் கூடி, அதற்கு ‘முழுவுடல் அழற்சி எதிர்வினை’ என்று பொருள்படும் தனிப்பெயர் இட்டனர். தீக்காயம், பெருவிபத்து, கணைய அழற்சி மூன்றும் அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகள்.

பெரும்பாலோருக்கு இந்த எரிச்சல் சில நாள்களில் தணிந்துவிடுகின்றது. ஐவரில் ஒருவர் அளவிலேயே நோய் முற்றுகின்றது. 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்திற்கு மேல் நீடித்தாலே ‘கடுமையானது’ என்பர். முதல் இரு வாரங்களில் நேரும் மரணங்கள் பெரும்பாலும் கிருமியால் அல்ல, காவலின் மிகையால்.

அதைத் தாண்டிப் பிழைத்தோரை மற்றோர் ஆபத்து காத்திருக்கின்றது. எரிச்சல் தொடங்கிய போதே, உடல் அதனை அடக்கும் எதிர்வினையையும் தொடங்கிவிடுகின்றது. 1996இல் ரோஜர் போன் இதனை ‘ஈடுசெய்யும் எதிர்வினை’ என்று பெயரிட்டு விளக்கினார். முதலில் எரிச்சல், பின்னர் தளர்ச்சி என அடுத்தடுத்து வருவதாக அன்று எண்ணினர். இரண்டும் தொடக்கம் முதலே உடனுறைவன என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. தளர்ச்சி மிகுந்தால் இரத்தத்தில் நிணவணுக்கள் குறைகின்றன. மோனோசைட் எனும் வெள்ளணுக்கள், தாம் பிடித்த பகைவனின் அடையாளத்தைப் பிறவற்றுக்குக் காட்டும் ‘எச்.எல்.ஏ.–டி.ஆர்.’ என்னும் மூலக்கூற்றைத் தம் மேற்பரப்பிலிருந்து இழக்கின்றன. காவலர் இருக்கின்றனர், குரல் இல்லை. இம்மூலக்கூறு குறைந்து மீளாத நோயாளிகளே தொற்றுக்கு அதிகம் ஆளாகின்றனர் என்பது பல ஆய்வுகளில் கண்டது.

அப்போது வரும் பகைவன் யார்? ஜெர்மனியின் ஊல்ம் நகரில் ஹான்ஸ் பேகர் குழுவினர், மடிந்த கணையத் திசுவை அறுவையில் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்து, 1986இல் முடிவை வெளியிட்டனர். முதல் வாரத்தில் அறுவையுற்றோருள் 24 சதவீதத்தினரின் திசுவில் கிருமி இருந்தது. மூன்றாம் வாரத்தில் அது 71 சதவீதமாயிற்று. கிடைத்த கிருமிகளுள் பெரும்பாலானவை குடலில் வாழ்பவை. இரத்த ஓட்டம் குறைந்து வாடிய குடலின் உட்சுவர் நெகிழ்ந்து, அங்கே பிறப்பு முதல் உடன் வாழ்ந்த கிருமிகள் அடுத்திருக்கும் செத்த திசுவை அடைகின்றன. செத்த திசுவில் இரத்தம் ஓடுவதில்லை. ஆகவே வெள்ளணுவும் மருந்தும் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை. திசு மடிந்த நோயாளிகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இத்தொற்று நேர்கின்றது. உறுப்புச் செயலிழப்பும் தொற்றும் ஒருங்கே கூடினால் மரண ஆபத்து, ஒன்று மட்டும் உள்ள நிலையைப் போல் இருமடங்காகின்றது.

இதனை அறிந்த மருத்துவர் செய்யக்கூடியது என்ன? தொற்று வருமுன்பே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துவிடுவது என்று யாருக்கும் தோன்றும். 1993இல் இத்தாலியில் பெதர்ட்சோலி குழுவினர் 74 நோயாளிகளிடம் இமிபெனெம் என்ற மருந்தைச் சோதித்தனர். கணையத் தொற்று 30 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது என்றனர். உலகெங்கும் மருத்துவமனைகள் இவ்வழக்கத்தை மேற்கொண்டன. ஆனால் அச்சோதனையில், யாருக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. 2004இல் ஜெர்மனியில் ஐசன்மான் குழுவினர் 114 நோயாளிகளிடம், எவர் எதைப் பெறுகின்றார் என்பதை மறைத்து வேறு மருந்துகளைச் சோதித்தனர். மருந்து பெற்றோரில் 12 சதவீதத்தினருக்கும் பெறாதோரில் 9 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. 2007இல் டெலிஞ்சர் குழுவினர் 100 நோயாளிகளிடம் மெரோபெனெமைச் சோதித்தனர், 18க்கு 12. மருந்துப் பிரிவின் எண்களே சற்று மிகுந்திருந்தன; அவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்றாலும், நன்மை இல்லை என்பது வெளிப்படை. தேவையின்றிக் கொடுத்த மருந்து, அதற்கு அஞ்சாத கிருமிகளையும் பூஞ்சையையும் வளர்த்ததும் உண்டு. மற்றொரு பக்கம், எரிச்சலையே அணைக்க முயன்றோர் இருந்தனர். லெக்சிபஃபான்ட் என்னும் மருந்து பிரிட்டனில் 290 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2001இல் முடிவு வெளியானது, பயனில்லை. பலர் மருத்துவமனையை அடைந்தபோதே உறுப்புகள் செயலிழந்திருந்தன.

இப்போது மெச்னிகோவின் இரண்டாம் கொள்கை மேடையேறுகின்றது. கொல்லும் மருந்து உதவாவிடில், நல்ல கிருமிகளைக் குடலில் இட்டுக் கெட்டவற்றை அடக்கலாமே? தயிரின் உறவான கிருமிகள். தீங்கு செய்யும் என்று யார் நினைப்பார்? நெதர்லாந்தில் 15 மருத்துவமனைகள் இணைந்து, 2004 முதல் 2007 வரை, கடுமையாகக்கூடும் என்று மதிப்பிடப்பட்ட 298 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கின. ஒரு பிரிவினருக்கு ஆறு வகைக் கிருமிகள் கலந்த பொடி, சிறுகுடலில் செருகிய குழாய் வழியே, நாளுக்கு இருமுறை, 28 நாள் வரை. மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெறும் பொடி. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ‘ப்ரோபாட்ரியா’ எனப் பெயர் பெற்ற அவ்வாய்வின் முடிவு 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. தொற்று இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே: 30 சதவீதம், 28 சதவீதம். மரணமோ வேறு. வெறும் பொடி உண்ட 144 பேரில் 9 பேர் இறந்தனர். நல்ல கிருமி பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தனர். ஒன்பது பேருக்குக் குடல் இரத்தமின்றி மடிந்தது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் அவ்வாறு நேரவில்லை.

இவ்வெண்களை நாம் விரைந்து கடந்துவிடக் கூடாது. அவ்வாய்வை நடத்தியோரின் நோக்கத்தில் பழுதில்லை, நம்பிக்கையிலும் குறைவில்லை. நடத்திய முறையில் குறைகள் இருந்தன என்று 2009இல் அந்நாட்டு மேற்பார்வை அமைப்புகள் சுட்டிக்காட்டின. அது வேறு செய்தி. நாம் கருதுவது இது: இரு பிரிவாக்கி, மறைத்து, எண்ணிப் பார்த்திராவிடில் அந்தப் பொடி தீங்கற்ற துணைமருந்தாக எத்தனை நாடுகளில் எத்தனை ஆண்டுகள் கொடுக்கப்பட்டிருக்கும்? வாடிய குடலில் உயிருள்ள கிருமிகளைக் குவித்தால் அவற்றின் தேவைக்கு ஈடுகொடுக்க இரத்தம் போதவில்லை போலும் என்று ஆய்வாளர் விளக்கம் கூறினர். உறுதியான காரணம் இன்றும் விவாதத்திற்குரியதே. நலமுள்ளவன் உண்ணும் தயிரை இது எவ்வகையிலும் குறை கூறாது. ஒரே பொருள் நலமுள்ள குடலில் ஒன்றாகவும் நோயுற்ற குடலில் வேறொன்றாகவும் ஆவதை யூனானி மருத்துவர் ‘மிஸாஜ்’ வேறுபாடு என்று முடித்திருப்பர். அவர்கள் கூறாதது எண்ணிப் பார்க்கும் முறை ஒன்றே.

அறுவையிலும் கைகள் இவ்வாறே பின்வாங்கின. மெக்சிகோவில் நடந்து 1997இல் வெளியான சிறு ஆய்வொன்றில், மூன்று நாள்களுக்குள் அறுவையுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். பன்னிரண்டு நாள் கழித்து அறுவையுற்றோரில் கால்பங்கினர் அளவே இறந்தனர். ஃபிட்ஸின் எச்சரிக்கை எண்களாகத் திரும்பி வந்தது. 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள், தொற்றிய திசுவை வயிற்றைத் திறந்து அகற்றுவதற்கு மாறாக, முதலில் தோல் வழியே குழாய் செருகிச் சீழை வடித்து, போதாவிடில் மட்டும் சிறு துளை வழியே அகற்றும் படிமுறையை 88 பேரிடம் சோதித்தனர். மரணமோ பெருந்தீங்கோ நேர்ந்தோர் திறந்த அறுவையில் 69 சதவீதம், படிமுறையில் 40. படிமுறையினரில் 35 சதவீதத்தினருக்கு வடிகுழாய் ஒன்றே போதுமாயிற்று. 2021இல் அதே நாட்டினர், வடிகுழாயையும் உடனே செருகாது, நுண்ணுயிர்க்கொல்லியோடு பொறுத்திருந்து பார்ப்பதை 104 பேரிடம் சோதித்தனர். பொறுத்திருந்த பிரிவில் 39 சதவீதத்தினருக்குக் குழாயே தேவைப்படவில்லை. காத்திருக்கும் வாரங்களில் மடிந்த திசுவைச் சுற்றிச் சுவர் எழுகின்றது. நகரம் தன் எரிந்த தெருவைத் தானே மதிலிட்டு அடைக்கின்றது.

உணவிலும் பழைய நம்பிக்கை ஒன்று வீழ்ந்தது. கணையத்துக்கு ஓய்வு வேண்டும், ஆகவே வாய்வழி ஒன்றும் கூடாது, எல்லாம் நாளத்தின் வழியே என்பது நெடுங்கால விதி. பட்டினி கிடந்த குடல் மேலும் வாடிக் கிருமிக்கு வழிவிட்டது. நாளவழி உணவைவிடக் குடல்வழி உணவு தொற்றையும் மரணத்தையும் குறைக்கின்றது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2010இன் காக்ரேன் அறிக்கை உறுதி செய்தது. நாளவழி நீரையும் அளவின்றிச் செலுத்தலாகாது என்பதை 2022இல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு காட்டியது. மிகுதியாக நீர் பெற்றோரில் 20.5 சதவீதத்தினருக்கும், அளவாகப் பெற்றோரில் 6.3 சதவீதத்தினருக்கும் உடலில் நீர் மிஞ்சிய தொல்லை நேர்ந்தது. தீங்கு தெரிந்ததால் இடையிலேயே நிறுத்தினர்.

தளர்ந்த காவலை நேரே எழுப்ப முடியுமா என்ற வினா எஞ்சுகின்றது. நிணவணுக்களை வலுப்படுத்தும் தைமோசின் ஆல்ஃபா 1 என்ற பொருளைச் சீனத்தின் பல மருத்துவமனைகளில் 508 நோயாளிகளிடம் சோதித்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, கணையத் தொற்றைக் குறைத்ததாக அதனால் நிறுவ முடியவில்லை. யாருடைய காவல் மிகையில் இருக்கின்றது, யாருடையது தளர்ந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அளந்த பின்னரே இத்தகைய மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பாரும் உளர். மோனோசைட்டின் மேற்பரப்பில் அந்த மூலக்கூற்றை எண்ணும் கருவி ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றது. நோயாளியின் படுக்கையருகே அன்றாட வழக்கமாக அது இன்னும் வரவில்லை.